ரேஷன்காரரின் நடை

ஜூன் 9, திங்கள்

மழை பிடித்துக்கொண்டுவிட்டது. துவைத்த துணி காயாமல் நாற்றம் எடுக்கிறது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். சேலையெல்லாம் கருவாட்டு வாசம் அடிக்கும் என்று அத்தை முணுமுணுத்தார்கள். அடிக்கட்டும். நான் நாள் முழுக்கப் பார்க்கிற யானைகள் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கின்றன, என்னை மோந்தா பார்க்கப் போகின்றன?

எஸ்டேட்டின் பழைய பிள்ளைக் காப்பகத்தில்தான் எங்கள் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டரில் நான், இன்னொன்றில் தங்கபுஷ்பம். காட்டோரக் கேமராக்களில் விழுந்த யானைகளைச் சுற்றிப் பெட்டி வரைந்து, இது இன்னார் என்று பேர் எழுத வேண்டும். நாங்கள் எழுதுவதைப் படித்துப் படித்துத்தான் மெஷின் யானைகளை அடையாளம் கற்கிறது. ரோட்டுப் பக்கம் யானை வந்தால் அதுவே பார்த்து, கம்பத்தில் சிவப்பு விளக்கைப் போட்டு, எங்கள் குடியிருப்பான லைன் வீடுகளில் எல்லார் போனுக்கும் மெசேஜ் அனுப்பும். கொழுந்து கிள்ளின கைக்கு இந்த வேலையா என்று ஆரம்பத்தில் எனக்கே சிரிப்பாக இருந்தது. இப்போது மேஸ்திரிகூட என்னைப் பார்த்தால் ஒரு கும்பிடு போடுகிறார்.

இன்று வெப்பக் கேமராவில் வந்ததை எழுதாமல் தூங்க முடியாது. இந்தக் கேமரா சூட்டை வைத்துப் பார்க்கும். சூடாக இருப்பது வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்தது கறுப்பாகத் தெரியும். ஒரு கூட்டம் ஓடையைக் கடந்து பாறைமேல் ஏறிப் போயிற்று. எல்லாம் போனபின் பாறையில் வட்ட வட்டமாக வெள்ளை. என்ன கர்மம் என்று பார்த்தால் அவற்றின் காலடிச் சூடு. நடுவில் குட்டியின் காலடி, சின்னச் சின்னதாக. ஒவ்வொன்றாக மங்கி, பாறை மறுபடி வெறும் பாறையானது. புஷ்பமும் நானும் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

ஜூன் 14, சனி

கோயம்புத்தூரிலிருந்து மிருதுளா வந்திருந்தாள். மெஷினுக்கு மூளை வைத்தவள் இவள்தான். என்னை அக்கா என்பாள், நான் மேடம் என்பேன், இரண்டு பேருக்குமே அது கொஞ்சம் கூச்சம்.

யானைகளுக்கு நாங்கள் வைக்கிற பேர்களைக் கேட்டு அவளுக்கு எப்போதும் சிரிப்பு. இங்கே யானைக்கு முகம் பார்த்துப் பேர் வைக்கிற வழக்கம் கிடையாது. என்ன காரியம் செய்ததோ அதுதான் பேர். பலா மரத்தை உலுக்கியவர் பலாக்காரர். டிரான்ஸ்பார்மர் வேலியை மடக்கிப் போட்டவர் கரண்டுக்காரர். ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசி தின்கிறவர் ரேஷன்காரர். பொழுது சாய்ந்துவிட்டால் யானை என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். ரேஷன்காரர் வந்திருக்கார் என்றால், ஏதோ பக்கத்து வீட்டு மாமா வந்த மாதிரி இருக்கும். மரியாதை குறைந்தால் அவருக்குக் கேட்டுவிடும் என்று ஒரு பயம்.

பேரைக் கண்டுபிடிப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தனி ஆணாக நிற்கிறதா, பக்கத்தில் ஏதாவது உடைந்து கிடக்கிறதா, யாராவது அடிபட்டிருக்கிறார்களா? கண்ணை மூடிக்கொண்டு ரேஷன்காரர் என்று எழுதிவிடலாம். இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கு அந்தத் துணிச்சல்? மிருதுளா, எப்படி அக்கா இவ்வளவு வேகமாகச் சொல்கிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

லூர்து மூச்சிரைக்க ஓடிவந்தான். என் கொழுந்தன். ரேஷன்காரரைப் பிடிக்க ஆர்டர் வந்துவிட்டதாம். கும்கி யானைகளைக் கொண்டுவந்து, மயக்க ஊசி போட்டு, மரக்கூண்டில் அடைத்துப் பழக்கப் போகிறார்கள். அதன்பின் காடு என்பதே அவருக்குக் கிடையாது. பத்து மாதமாக மனு கொடுத்து, ரோட்டை மறித்து, பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்தவன் லூர்து. எந்த யானை என்று அதிகாரிகள் கேட்டபோது மெஷினின் பதிவுதான் கை கொடுத்தது. ரேஷன் கடையில் நின்றதும் ரேஷன்காரர், போன ஆகஸ்டில் சின்னப் பாலத்தில் என் வீட்டுக்காரரை மிதித்ததும் ரேஷன்காரர் என்று அதில் இருந்தது.

எழுதிவிட்டேன். இந்த வாக்கியத்தை நான் இதுவரை எழுதினதில்லை.

அவர் பேர் பாக்கியநாதன். ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து குடையோடு வந்துகொண்டிருந்தார். பாலத்துக் கேமரா அப்போதே இருந்தது, சிவப்பு விளக்கு இன்னும் மாட்டவில்லை. யானை நிற்பதை மெஷின் பார்த்தது. அதை யாருக்கும் சொல்ல அதற்கு அப்போது வழி வைக்கவில்லை. விடிந்தபின்தான் லூர்தும் அத்தையும் மற்றவர்களும் போய்ப் பார்த்தார்கள். மழையும் பயமும், அதற்கு முன்னால் யாரும் போகவில்லை. விளக்கு அடுத்த மாதம் வந்தது, இந்த வேலையும் எனக்கு அதற்குப் பின்னால்தான் வந்தது. பாலத்துக் கேமராவின் படங்களை மட்டும் புஷ்பம் பார்த்துக்கொள்வாள். யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, அவளாக எடுத்துக்கொண்டாள்.

லூர்து கையில் ஜிலேபிப் பொட்டலம் இருந்தது. ஒன்று எடுத்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஜூன் 21, சனி

வேலைக்குப் போகும்போது சின்னப் பாலத்து வழி பக்கம்தான், ஆனால் பாசி படிந்து சறுக்கும். நான் சுற்றித்தான் போகிறேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று ரேஷன்காரரை நேரில் பார்த்தேன்.

காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் போன் அடித்தது, சிவப்பு விளக்கும் எரிந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குள் நாங்கள் நாலைந்து பேர் ஒதுங்கினோம். பனி விலகினதும் தேயிலைக்கு நடுவில் நிற்கிறார். பட்டப்பகல். கம்ப்யூட்டரில் உள்ளங்கை அகலத்துக்குப் பெட்டி போட்டுப் பழகியவளுக்கு, முன்னால் நிற்கிற ஆள் எவ்வளவு பெரியவர் என்பது மறந்தே போயிருந்தது. ஒரு செடி ஒடியவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு வரிசைக்கு நடுவில், நாங்கள் கூடையோடு போகிற அதே சந்தில், பின்னங்காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து போனார். எங்கள் பக்கம் ஒரு தடவை காதை விரித்தார். காற்று எங்கள் முகத்தில் அடித்தது என்று புஷ்பம் சொல்கிறாள். எனக்கும் அடித்த மாதிரிதான் இருந்தது.

நாசமாய்ப் போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கை தானாக நெஞ்சில் சிலுவை போட்டது. அதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

ஜூலை 1, செவ்வாய்

கும்கிகள் இரண்டும் லாரியில் வந்து இறங்கிவிட்டன. பார்க்கத் திருவிழாக் கூட்டம். ஒருத்தர் பாக்கி இல்லாமல் செல்பி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கள் ஊசி போடுகிறார்கள். லூர்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ தன் வீட்டுக் கல்யாணம் போல வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அண்ணன் என்றால் அவனுக்கு அவ்வளவு உயிர்.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது எனக்கு விளங்குகிறதா என்று.

மிருதுளா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். முகமே சரியில்லை. மெஷினுக்குப் புதிதாக ஒன்று கற்றுக்கொடுத்திருக்கிறாள், நடையைப் பார்ப்பது. நாங்கள் எழுதின பேர்களையெல்லாம் எடுத்துவிட்டு, யானைகள் நடக்கிற வீடியோவை மட்டும் காட்டி, நீயே பிரித்து வை என்று விட்டிருக்கிறாள். மெஷின் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்து வைத்திருக்கிறது. கூட்டத்து யானைகள் எல்லாம் நாங்கள் சொன்னபடியே வந்தன. தாய் எது, தங்கச்சி எது, போன வருஷத்துக் குட்டி வளர்ந்தது எது என்று ஒன்று பிசகவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வார்த்தை யாரும் சொல்லாமல், காலைத் தூக்கி வைக்கிற விதத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறதே.

"ஒண்ணுதான் ஒத்து வரலக்கா," என்றாள் மிருதுளா. "ரேஷன்காரர் ஒருத்தர் இல்ல. ரெண்டு பேரு."

இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். இரண்டு பேருமே கொம்பில்லாத ஆண்கள். ஒரே உயரம், ஒரே முதுகு. வெப்பக் கேமராவில் இரண்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கின்றன. ஆனால் ஒருவர் இடது பின்னங்காலை இழுக்கிறார், அந்தக் கால் முன்னங்கால் வைத்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே விழுகிறது. இன்னொருவர் முன்னங்கால் பதிந்த அதே இடத்தில் பின்னங்காலைக் கொண்டுவந்து வைக்கிறார். பார்த்தபின் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இத்தனை மாதம் எங்கள் கண் எங்கே போயிருந்தது?

எங்கே போயிருந்தது என்று எனக்கே தெரியும். நாங்கள் ஆளைப் பார்க்கவே இல்லை. உடைந்த கதவைப் பார்த்தோம், பேர் எழுதினோம். எங்கே என்ன அழிந்தாலும் ஒருவர் தலையிலேயே கட்டினோம், அதை மெஷினும் மனப்பாடம் செய்துகொண்டு, அதிகாரிகளிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறது.

ரேஷன் கடைக்கு வந்ததெல்லாம் காலை இழுக்கிறவர். சின்னப் பாலத்தில் நின்றது யார் என்று கேட்டேன். மிருதுளா மேஜையைப் பார்த்தபடி, மற்றவர் என்றுதான் மெஷின் சொல்கிறது என்றாள். அந்த மற்றவர் போன ஆகஸ்டுக்கு அப்புறம் எந்தக் கேமராவிலும் விழவில்லை. கேரளாப் பக்கம் இறங்கியிருக்கலாம்.

இதை மெஷின் சொல்கிறது என்று கொண்டுபோனால் செல்லாது. மெஷின் சொல்லித்தான் ஆர்டரே வந்தது. யாராவது அந்த வீடியோவைக் கண்ணால் பார்த்து, இது அவர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

தலைவலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

புஷ்பம் வீட்டுக்கே வந்துவிட்டாள். அத்தை கோழிக்குத் தீனி போடப் போன நேரம் பார்த்து அழ ஆரம்பித்தாள். பாலத்து வீடியோவுக்குப் பேர் எழுதினது அவள்தான். எழுதினாளே தவிர, பார்க்கவில்லையாம். கையால் ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு, எல்லாரும் சொன்ன பேரையே அடித்துவிட்டாளாம்.

"பாக்கியண்ணன் விழறத நான் எப்பிடிக்கா பாப்பேன்," என்றாள்.

அவளை என்னவென்று திட்டுவது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்த லைனில் எங்களைத் தன் வீட்டு ஆளாக நினைத்து அன்பு காட்டினவள் செய்த தப்பு அது. மெஷினுக்கு அந்த மாதிரிக் கையால் மறைத்துக்கொள்ளத் தெரியாது. அது பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

தானே பார்த்து எழுதிக் கொடுப்பதாக மிருதுளா போனில் சொன்னாள். அவள் சொன்னால் லைனில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், யானைக்கு வக்காலத்து வாங்க வந்தவள் என்பார்கள். நான் சொன்னால்தான் நம்புவார்கள். அதுவும் நம்பினால்.

நான் ஏன் சொல்ல வேண்டும்? இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, உள்ளதை எழுதுகிறேன். எனக்கு ஒரு யானை கூண்டுக்குள் இருக்க வேண்டும். காலை இழுக்கிறதோ இழுக்கவில்லையோ, எதுவோ ஒன்று. அதன் கண்ணில் தண்ணீர் வருவதை நான் நின்று பார்க்க வேண்டும். மிருதுளாவிடம் வாயை மூடிக்கொண்டிரு என்றால் இருப்பாள், என் முகத்துக்காக. திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடும். லூர்து தூங்குவான், நானும் தூங்குவேன்.

பருப்பு அடிபிடித்துவிட்டது. அத்தை அதையே போட்டுச் சாப்பிட்டார்கள்.

ஜூலை 5, சனி

காலையில் சின்னப் பாலத்து வழியாகவே போனேன். சறுக்கவில்லை.

மிருதுளா கதவைச் சாத்தினாள். புஷ்பம் வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். வீடியோ ஓட ஆரம்பித்தது.

மழையில் நனைந்த குடை கறுப்பாகத் தெரிகிறது. அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்ன ஆள். அவர் நடையை எனக்குக் காட்டிக்கொடுக்க மெஷின் வேண்டாம். வலது தோளை இறக்கி, ஏதோ பாட்டு முனகுகிறவர் மாதிரி வருகிறார். வளைவில் திரும்பினதும் எதிரில் யானை, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டார்கள். இரண்டு பேருமே பயந்தார்கள். அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அதன்பின் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

நான் கண்ணை மூடவில்லை. யானையின் காலைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் முன்னங்கால் வைத்த இடத்திலேயே. இழுப்பே இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

மெஷின் கேட்டது: இவர் ரேஷன்காரர், சரியா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

இல்லை என்பதை அழுத்தினேன். ரேஞ்சருக்கும் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். மிருதுளா அங்கேயே போன் போட்டு அவரிடம் பேசினாள்.

போதும் அக்கா, எழுந்து வாருங்கள் என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த வீடியோ அதற்குப் பிறகும் வெகுநேரத்துக்கு இருக்கிறது. வேகமாக ஓடவிடச் சொல்லிக் கடைசி வரைக்கும் பார்த்தேன். மிருதுளாவும் பார்த்தாள். அவள் என் கையைப் பிடித்தாளா, நான் அவள் கையைப் பிடித்தேனா, தெரியவில்லை.

அதை இன்று எழுத முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கும்கிகள் திரும்பிப் போகின்றன. வாசலில் லைன் முழுக்க நின்றது. புஷ்பம் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். பாலத்தில் நின்றது வேறு யானை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அதையும் இப்போது மெஷினுக்குத் தனியாகத் தெரியும், வந்தால் சொல்லும் என்றேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் என் முகத்தையே பார்க்கவில்லை.

லூர்து செருப்போடு வீட்டுக்குள் வந்துவிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன்.

"எதுவா இருந்தா என்ன அண்ணி," என்றான், குரலே எழும்பாமல். "யானைதான."

முந்தாநாள் நான் எழுதினதே அதுதான். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன் லூர்து என்றேன்.

அப்போதுதான் அத்தை அடுப்படியிலிருந்து வந்தார்கள். பத்து மாதமாக மகன் செத்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"முழுசாப் பாத்தியா பிலோமி?"

"பாத்தேன் அத்தை."

"காலையில நாங்க போறப்ப எலயும் கொப்புமாக் கெடந்துச்சு அவன் மேல. காத்துக்கு விழுந்ததுன்னு சொன்னாங்க."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நேற்று பார்த்ததைச் சொன்னேன். அது ஓடித்தான் போயிற்று. அவர் அசையாமல் கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. தும்பிக்கையை நீட்டி அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றது. பிறகு பக்கத்து மரத்தில் கிளையை ஒடித்துக் கொண்டுவந்து அவர்மேல் போட்டது. மறுபடி போய், மறுபடி ஒடித்துக் கொண்டுவந்தது. குடை மட்டும் தனியாகக் கிடந்தது, அதைத் தொடவில்லை. முழுக்க மூடினபின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இலைகளுக்கு நடுவில் வெள்ளையாகத் தெரிந்த அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகி, பாறையில் பார்த்த காலடி மாதிரி மங்கி, கடைசியில் தரை எது அவர் எது என்று தெரியாமல் போயிற்று. அதுவரைக்கும் அது மழையில் நின்றது. அப்புறம்தான் போயிற்று.

அதை நான் மன்னிக்கவில்லை. என்னால் முடியாது. ஆனால் நான் பார்த்ததைப் போல ஒன்றை இந்தப் பூமியில் இதுவரை பார்த்ததும் இல்லை, அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சூடு அடங்குகிற வரைக்கும் நின்றது அத்தை என்று அதையே இரண்டு தடவை சொன்னேன்.

லூர்து சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ராத்திரி பூரா எம்புள்ள ஒத்தையில கெடந்தானேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்டி," என்றார்கள். கொஞ்சம் கழித்து, "எனக்கும் காட்டுவியா? அவன் விழறது வேணாம். அது நிக்கிறத மட்டும்."

நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன்.